பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, பிள்ளைகளின் கைக்கு வந்த அந்தக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று ‘பாஸ்’ என்ற லினக்ஸ். அதைச் சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007இல் வெளியிட்டது. கணினியைப் போட்டதும் எதற்குள் நுழைய வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரை வரும், சில நொடிகள் நிற்கும், பிறகு தானாக விண்டோஸுக்குள் போய்விடும். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு, கடம்பூர் பக்கம் நான் கேட்டுப் பார்த்த வீடுகளில் ஒரு பிள்ளையும் அந்த இன்னொரு வரிக்குள் போனதில்லை. “அதத் தொட்டா லேப்டாப் போயிரும்னு சொன்னாங்கண்ணே” என்றான் ஒருவன். இப்போது அவன் கங்கைகொண்டான் பக்கம் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க லினக்ஸ் சர்வர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். தன் வீட்டு அலமாரியிலேயே ஆறு வருஷம் அது கிடந்தது என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டானாம்.

கணினி வந்தது, கரண்ட் இருந்தது, பின்னால் இணையமும் வந்தது. “இத அமுக்கிப் பாரு, ஒண்ணும் ஆகாது” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வரவில்லை. அப்படிப்பட்ட ஆளை ஊருக்குள்ளேயே உண்டாக்குகிற ஏற்பாட்டுக்குத்தான் பயனர் குழு என்று பெயர். மாதத்துக்கு ஒரு நாள், தெரிந்த இடத்தில், நிரல் எழுதுகிறவர்களும் எழுத விரும்புகிறவர்களும் கட்டணமில்லாமல் கூடுவது. இது எங்கே தொடங்கியது, தமிழ்நாட்டில் எப்படி நிலைத்தது, ஏன் பல இடங்களில் நின்றுபோகிறது, கயத்தாறு போன்ற ஊரில் நடக்குமா என்பதைப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

நிரல் எழுதுகிறவரை ஏன் ‘பயனர்’ என்கிறார்கள்? காரணம் பழையது. 1955இல் ஐபிஎம் 704 கணிப்பொறியை வாங்கிய நிறுவனங்கள், அவற்றில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி விமானத் தொழிற்சாலைகள் முக்கியமானவை, ‘ஷேர்’ என்ற அமைப்பைத் தொடங்கின. அந்தக் காலத்தில் இயந்திரம்தான் வரும்; அதை ஓட்டுவதற்கான நிரல்களில் பெரும்பகுதியை வாங்கியவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். கணிப்பொறியைப் பயன்படுத்துகிறவர் என்றாலே நிரல் எழுதுகிறவர் என்றுதான் பொருள். இந்த நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். ஆனாலும் ஒரே நிரலைப் பத்து இடத்தில் பத்துப் பேர் எழுதுவது வீண் என்று கண்டு, எழுதியதைப் பொதுவில் வைத்தார்கள். ஒருவன் பட்ட பாட்டை அடுத்தவன் மறுபடி படவேண்டாம் என்ற அந்த எண்ணம்தான் இன்றுவரை எல்லாக் குழுக்களுக்கும் வித்து.

வீட்டில் கணிப்பொறி வைக்க ஆசைப்பட்டவர்களின் கூட்டம் இருபது ஆண்டு கழித்து வந்தது. 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் நிறுத்தும் கொட்டகையில் முப்பது பேர் அளவில் கூடினார்கள். பேச்சு முழுக்க ஆல்டேர் 8800 பற்றி. உதிரியாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொள்ள வேண்டிய கணிப்பொறி அது. அன்று வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். பின்னால் ஆப்பிள்-1 ஆன கருவியின் சுற்றுப்படத்தை நகலெடுத்து இந்தக் கூட்டத்தாருக்குத்தான் சும்மா கொடுத்தார். ‘ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்ற அந்தக் கூட்டம் 1986 வரை நடந்தது. ஆப்பிளின் கதையைச் சொல்கிறவர்கள் அந்தக் கொட்டகையை வேகமாகக் கடந்து கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்தக் கூட்டம் நடந்த முறைதான் பெரிதாகப் படுகிறது. முதலில் ஒரு பகுதி: “என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும்” என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பிறகு கூட்டம் கலைந்து, அவரவருக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்வார்கள். மேடையில் ஒருவர், கீழே நாற்பது பேர் என்ற நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். பயனர் குழு நடத்த நினைக்கும் யாரும் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வழக்கம் லினக்ஸோடு வந்தது. 1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட அந்த இயங்குதளத்தை, 1996இல் ‘பிசி குவெஸ்ட்’ பத்திரிகை குறுந்தகடாகத் தன் வாசகர்களுக்குக் கொடுத்தது. டயல்-அப் இணைப்பில் ஓர் இயங்குதளத்தை இறக்குவது அன்று ஆகிற காரியம் இல்லை. தகடு வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். நிறுவும்போது திரை கறுத்துவிட்டால் ஏற்கெனவே திரை கறுத்துப் பிழைத்தவரைத் தேடிப் போக வேண்டும். இந்தத் தேவையிலிருந்து 1998 ஜனவரியில் சென்னை லினக்ஸ் பயனர் குழு உருவானது. பழகியவர்கள் வாயில் அது ‘ஐலக்-சி’. ஐஐடி வளாகத்தில் வானூர்திப் பொறியியல் துறையின் வகுப்பறை, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 3 மணி என்று பல்லாண்டு காலம் நடந்த கூட்டம் அது.

அந்த நிலையான நாளும் இடமும் சாதாரண விஷயம் இல்லை. அழைப்பிதழ் வேண்டாம், முன்பதிவு வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆறு மாதம் வராதவரும் ஏழாவது மாதம் நேரே வந்து பெஞ்சில் உட்காரலாம். வாரச்சந்தை நடப்பது இப்படித்தான். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கிழமை கூப்பிடுகிறது.

அந்தத் தலைமுறையில் கென்னத் கோன்சால்வஸின் பெயரை விட்டுவிட முடியாது. ஐலக்-சியிலும் பிறகு பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதும் இந்திய நிரலர்களிடையேயும், நிறுவன மேடை எதுவும் தேவைப்படாமல், சலிக்காமல் வேலை செய்தவர். கூட்டங்களிலேயே உருவாகி கூட்டங்களையே உருவாக்கிய மனிதர். 2012இல் அவர் மறைந்த பிறகு, இந்திய பைத்தான் சமூகம் ஆண்டுதோறும் தரும் விருதுக்கு அவர் பெயரையே வைத்தது. சென்னையில் பைத்தான்காரர்களுக்குத் தனியாக ‘சென்னைபை’ என்ற குழு வளர்ந்து, தரமணியில் கணித அறிவியல் நிறுவன அரங்கில் மாதந்தோறும் கூடியது. 2019இல் இந்திய அளவிலான பைகான் மாநாடே சென்னையில் நடந்தது.

சென்னையில் நடப்பதில் வியப்பில்லை. அங்கே ஆளுக்குப் பஞ்சம் இல்லை. சிறிய ஊரில் நடக்குமா என்ற கேள்விக்கு உண்மையான சோதனை சென்னைக்கு வெளியேதான். 2006 நவம்பரில் காஞ்சிபுரத்தில் ‘காஞ்சிலக்’ தொடங்கியது. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன ஊர். மென்பொருள் அலுவலகங்கள் நிறைந்த ஊர் இல்லை. அங்கிருந்து வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 2013இல் விழுப்புரத்தில் ‘விஜிலக்’. விவசாயக் கிராமங்கள் சூழ்ந்த அந்த ஊரில் வாரந்தோறும் கூடுவதை வழக்கமாக்கி, கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இலவசமாக நிரலாக்கப் பயிற்சியும் கொடுத்து வருகிறார்கள். முந்தைய ஆண்டு படித்தவர்கள் அடுத்த ஆண்டு சொல்லிக்கொடுப்பவர்களாக நிற்கிறார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். குழு அதற்குப் பதினோரு ஆண்டு மூத்தது. கட்டடம் வந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் கூட்டம் நடக்கும் என்ற கணக்கைத்தான் நாம் போட்டுப் பழகியிருக்கிறோம். விழுப்புரம் அதை மாற்றிப் போட்டுக் காட்டியிருக்கிறது. தூத்துக்குடியிலும் 2024 டிசம்பரில் டைடல் நியோ பூங்கா திறந்தாயிற்று. நம் மாவட்டத்தில் கட்டடம் முந்திக்கொண்டது.

கடலுக்கு அந்தப்புறம், போர் முடிந்த யாழ்ப்பாணத்தில் 2012 வாக்கில் ‘யாழ் ஐடி ஹப்’ எழுந்ததையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஊரில் இருந்தவர்களும் வெளிநாட்டுக்குப் போனவர்களும் சேர்ந்து, பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்தினார்கள். அங்கே நோக்கம் தொழில் தொடங்குவதை ஒட்டியது. பயனர் குழுவின் தளர்வான இயல்பு குறைவு. ஆனால் தலைநகரிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது தடையில்லை என்பதற்கு அது போதிய சான்று.

இனி, குழுக்கள் ஏன் நிற்கின்றன என்பது. நான் பழகிய அளவில், பணம் இல்லாமல் நின்ற குழு ஒன்றையும் பார்க்கவில்லை. இந்தக் கூட்டத்துக்குப் பணமே வேண்டாம். டீச்செலவை யாராவது கொடுத்துவிடுவார்கள். நிற்பதற்கு முதல் காரணம், சாவி. அறையின் அனுமதி ஒரே ஒருவரின் பழக்கத்தில் கிடைத்திருக்கும். அவருக்குப் பெங்களூரிலோ துபாயிலோ வேலை கிடைக்கும். அடுத்த மாதம் பத்துப் பேர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். அதற்கடுத்த மாதம் இரண்டு பேர். பிறகு இல்லை. நான் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் அப்படித்தான் நின்றது; பூட்டிய கதவுக்கு முன் நின்ற இருவரில் நானும் ஒருவன்.

இரண்டாவது காரணம், பேச்சாளருக்காகக் காத்திருப்பது. இந்த மாதம் பேச யாரும் கிடைக்கவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தால் கிழமையின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். பேச்சாளர் இல்லாத கூட்டம்தான் பல நேரம் நல்ல கூட்டம். ஆளுக்கொரு வழுவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தால் இரண்டு மணி நேரம் போதாது.

மூன்றாவது, நிறுவனங்களின் கை. 2002இல் மீட்டப் தளம் வந்த பிறகு, குழு நடத்துவது எளிதாயிற்று. பெருநிறுவனங்கள் தங்கள் கருவிகளின் பெயரிலேயே குழுக்களை ஊக்குவித்தன. அரங்கு கிடைத்தது, சட்டை கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது. அதில் கற்றவர்கள் பலர். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நிறுவனத்தின் பெயரில் நடக்கும் கூட்டத்தில் நிறுவனத்தின் கருவியைத்தான் பேச முடியும். அந்த ஆண்டுக்கான செலவுத்தொகை நின்றால் கூட்டமும் நிற்கும். ஐலக்-சி போன்றவை நீடித்ததற்குக் காரணம், அவற்றை நிறுத்தும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இல்லாமல் இருந்ததுதான்.

எல்லாம் இணையத்தில்தான் இருக்கிறதே, கூடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெருந்தொற்றுக் காலத்தில் காஞ்சிலக் ஜிட்சி என்ற இணையவழிக் கூட்டச் செயலி வழியாக ஞாயிறு மாலைகளில் கூடத் தொடங்கியபோது, காஞ்சிபுரத்தைப் பார்த்தே இராதவர்கள் அதில் சேர முடிந்தது. 2012 ஜனவரியிலிருந்து ‘கணியம்’ மின்னிதழ் லினக்ஸ் முதல் தரவுத்தளம் வரை தமிழில் எழுதி, உரிமத் தடையில்லாமல் பகிர்ந்து வருகிறது. அதைத் தொடங்கிய த. சீனிவாசன் இந்தக் குழுக்களிலேயே பழகி வளர்ந்தவர். து. நித்யா ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எழுதிய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு தானே படித்து முன்னுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பாடம் இணையத்தில் கிடைக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது.

கிடைக்காதது வேறொன்று. தனக்கு என்ன தெரியவில்லை என்பதே தெரியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்குத் தேடத் தெரியாது. கட்டளை எழுதும் டெர்மினல் திரையில் சிவப்பாக நாலு வரி வந்தவுடன் அது தன் தவறு என்று நினைத்து மூடிவைத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பத்து வருஷ அனுபவசாலி, அவருக்கும் அதே சிவப்பு வரி வருகிறது, அவர் பதறாமல் கடைசி வரியை மட்டும் படிக்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்கும்போது ஏற்படும் தைரியத்தைக் காணொலி தராது. காணொலியில் பிழைகளை வெட்டிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு இந்தத் தைரியம் கிடைக்காத இடத்தில் வேறொன்று நுழைகிறது. பொறியியல் இறுதியாண்டுப் புராஜெக்டை முடித்த சரக்காக விற்கும் கடைகள். கோவில்பட்டி தேசிய பொறியியல் கல்லூரி 1984இலிருந்தும், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981இலிருந்தும் இந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பொறியாளர்கள் ஆக்கி வருகின்றன. சுற்றிலும் இன்னும் பல கல்லூரிகள் உள்ளன. படிப்பு உண்டு, ஆய்வகம் உண்டு. ஆனால் தானே ஒன்றைச் செய்து, அது உடைந்து, சரிசெய்து, நாலு பேர் முன் காட்டுகிற இடம் பாடத்திட்டத்தில் இல்லை. அந்த இடம் இருந்தால் புராஜெக்ட் கடைக்குப் போகும் கால்கள் பாதி குறையும் என்பது என் துணிபு.

கூடிப் பேசிக் கற்பது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் வக்கீல்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் கம்பனைப் படித்தார்கள். உறுப்பினர் அட்டை கிடையாது, தீர்மானம் கிடையாது. கயத்தாற்றுக்கு வடக்கே, கோவில்பட்டி போகிற வழியில் இருக்கும் இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே தெருப் பழக்கத்தில் படித்தும் பேசியும் எழுத்தாளர்களாகி, அந்த டி.கே.சி.யையும் தேடிப் போனார்கள். பிற்பாடு கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை எழுதுகிறவர்கள் கூடும் இடமாயிற்று. கோணங்கியும் பூமணியும் சோ. தர்மனும் வந்தது இந்தக் கரிசல் வட்டாரத்திலிருந்துதான். யாருக்கும் தனியாக வகுப்பு நடக்கவில்லை. எழுதியதை அடுத்தவரிடம் காட்ட ஓர் இடம் இருந்தது, காட்டினார்கள். நிரலும் எழுத்துத்தான், அதைப் படித்துக் குறை சொல்ல ஆள் வேண்டும்.

கயத்தாற்றைக் கடந்து போகிறவர்கள் கட்டபொம்மன் சிலையையும் காற்றாலைகளையும் பார்க்கிறார்கள். டென்மார்க் அரசின் உதவியோடு இங்கே அமைந்த காற்றாலைச் சோதனை நிலையம், இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. பல கம்பெனிகளின் இயந்திரங்கள் இங்கே ஒரே காற்றில் நிறுத்தி அளக்கப்படுகின்றன. அந்த வேலையைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். காத்தாடிக் கம்பெனிகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் பையன்கள் சாயங்காலம் டீக்கடையில் நின்று, எந்த மாடலில் எந்தப் பிழை எண் வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு சட்டை. 1955இல் விமானக் கம்பெனிக்காரர்கள் செய்தது வேறென்ன? கணிப்பொறிக்கு அதே டீக்கடை அமைய வேண்டும், அவ்வளவுதான்.

அமைப்பதில் உள்ள சிக்கல்கள் உள்ளூர்ச் சிக்கல்கள். முதலில் நேரம். சென்னையின் மாலை 3 மணி இங்கே உதவாது. 3 மணிக்குத் தொடங்கினால் 6 மணிக்கு முடியும். சுற்றுக் கிராமத்துப் பெண் பிள்ளைகளை அதற்குமேல் பேருந்துக்கு நிற்க வைக்க எந்த வீடும் சம்மதிக்காது. மதுரை - திருநெல்வேலிப் பேருந்துகள் பல ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும் என்பது ஊரறிந்த குறை. இருட்டிய பிறகு பைபாஸில் இறங்கி நடப்பது யாருக்குமே நல்லதில்லை. பெண்கள் வராத குழு பாதிக் குழு. வரவில்லை என்று வருந்துவதற்கு முன் கடிகாரத்தையும் பேருந்து நேரத்தையும் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை என்றால் நம் மாவட்டத்தில் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, அவர்கள் விடுபடுவார்கள். இரண்டாம் சனிக்கிழமை காலை 10.30 முதல் 12.30 என்றால் அரசு ஊழியர்களுக்கும் விடுமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீடு சேரலாம்.

அடுத்தது இடம். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கணினிகளோடு அறைகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கின்றன. பள்ளிப் பொருளுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியில் அனுமதி சிக்கிக்கொள்ளும். தலைமையாசிரியரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆகவே முதல் ஓராண்டு அந்தக் கணினிகளைக் கேட்கவே வேண்டாம். ஒரு வகுப்பறை, நாலு பிளக் பாயின்ட், கரும்பலகை போதும். கணினியை அவரவர் கொண்டுவரலாம்.

மொழி தமிழாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். கேள்வி கேட்கும் வாய் தமிழில் திறந்தால்தான் கூச்சம் போகும். ஆங்கிலத்தில் கேள்வியைக் கட்டி முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

ஆள்? வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் இன்று சிற்றூர்களில் உண்டு. கங்கைகொண்டான் தகவல் தொழில்நுட்பப் பூங்கா கயத்தாற்றுக்குத் தெற்கே அடுத்த நிறுத்தம் போல இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இலேயே அலுவலகம் திறந்து, கிராமத்தில் உட்கார்ந்து மென்பொருள் செய்யலாம் என்று காட்டிவிட்டது. கயத்தாறு கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே இருப்பதால் இரண்டு பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரலாம். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் போதும். ஹோம்ப்ரூவில் செய்தது போல, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தன்னிடம் இருப்பது என்ன, தனக்கு வேண்டியது என்ன என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். காற்றாலையில் வேலை பார்க்கும் பையனிடம் மலையளவு எண்கள் இருக்கும். பைத்தான் படிக்கும் பிள்ளைக்குப் பயிற்சிக்கு எண்கள் வேண்டியிருக்கும்.

முதல் கூட்டத்துக்கான வேலையும் தயாராக இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினிகளை எடுத்து வரச் சொல்லலாம். நினைவகம் குறைந்த அந்தக் கணினிகளில் இன்றைய விண்டோஸ் ஏறாது. எடை குறைந்த லினக்ஸ் வகைகள் ஏறும். பேட்டரி செத்திருக்கும், அதனால் ஆளுக்கொரு சார்ஜரும் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரும் வேண்டும். அறைச் சாவிக்கு முதல் வாரமே மூன்று நகல் எடுக்க வேண்டும். அதில் ஒன்று, ஊரைவிட்டுப் போகும் எண்ணமில்லாத ஒருவரிடம் இருக்க வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவராக இருந்தாலும் சரி.